இரண்டு விரல்

"எதுக்கு உன் புள்ளன்னு சொன்ன?"

"அப்படிச் சொன்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"விட்டாங்கல்ல? உன்ன விட்டாங்கல்ல? எம் புள்ள எங்கக்கா?"

யுயுனின் கைகளில் முழங்கை வரை சோப்பு நுரை. அவளுக்குப் பின்னால் யார் வீட்டுப் படுக்கை விரிப்போ பாதி துவைத்தபடி கல்லில் கிடந்தது. நான் சந்து முனையில் நின்றிருந்தேன். தோளில் தூக்குத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அதற்குள் தானு இருந்தான். எட்டு மாதக் குழந்தை, என் இடுப்பில் ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது வெறும் துணி. அதிலிருந்து அவன் தலை வாசனை மட்டும் வந்தது.

"ஒண்ணும் ஆகல அவனுக்கு. காப்பகத்துல வெச்சிருக்காங்க. என் குடும்ப அட்டையில அவன் பேரு இல்லயாம். அதனால என்ன மட்டும் அனுப்பிட்டாங்க."

"நீ வந்துட்ட."

"தள்ளி விட்டாங்கடி."

"நீ வந்துட்ட" என்று மறுபடியும் சொன்னாள். கைகளைப் பாவாடையில் துடைத்தாள். நுரை போகவில்லை.

மூன்று மணிக்கு வண்டி வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். கேட்பாரற்ற குழந்தைகளை மூன்று மணிக்கு நகரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் வேறொரு இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போய்விட்டால் நீதிமன்றக் காகிதம் இல்லாமல் குழந்தையைப் பார்க்கக்கூட முடியாது. வாசலில் நின்ற காவலாளி இரக்கப்பட்டுச் சொன்னது இது. நான் சந்துக்கு வந்து சேர்ந்தபோதே மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

ஜகார்த்தாவில் காலை ஏழிலிருந்து பத்து வரை அந்தப் பெரிய சாலையில் மூன்று பேருக்குக் குறைவாகக் கார் போகக் கூடாது. கார் வைத்திருப்பவர்களோ தனியாகத்தான் வருவார்கள். அதனால் நாங்கள் சாலை தொடங்குவதற்கு முன்னால் ஓரமாக நிற்போம். ஒரு விரலைத் தூக்கினால் நான் ஒருத்தி என்று அர்த்தம். இரண்டு விரல் என்றால் கையில் குழந்தையும் இருக்கிறது. சட்டத்துக்குக் குழந்தையும் ஒரு ஆள்தான். தனியாக ஓட்டி வருகிறவர் இரண்டு விரலைப் பார்த்தால் உடனே நிற்பார். கதவைத் திறந்து ஏறிக்கொண்டால் கோபுரக் கட்டடங்களுக்கு நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தக் கோடியில் கூலியை வாங்கிக்கொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் போய் மறுபடியும் இரண்டு விரல்.

தானு பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து என்னோடு வருகிறான். யுயுன் மூன்று வீடுகளில் துணி துவைக்கிறாள். விடிந்ததும் பால் கொடுத்து என்னிடம் தருவாள், பத்தரைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வாள். கிடைப்பதில் பாதி அவளுக்கு. அவள் பார்த்த ஜகார்த்தா எங்கள் ஆற்றங்கரையும் அந்த மூன்று வீட்டுக் கொல்லைப்புறமும்தான். அவள் மகனோ தினமும் குளிரூட்டிய காரில் நகரத்தைப் பார்த்தான். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மேகத்துக்குள் போய் முடிகிற கட்டடங்களை வாயில் எச்சில் ஒழுகப் பார்ப்பான்.

இப்படி நிற்பது குற்றம்தான், ஆனால் குழந்தையோடு மாட்டிக்கொண்டால் திட்டிவிட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பால் குடிக்கிற பிள்ளை, என் பிள்ளை என்று அழுதால் போதும். இன்று காலை ஏழரைக்கு நகராட்சிக் காவலர்கள் இரண்டு பக்கமும் வந்து மடக்கியபோது நானும் அதைத்தான் சொன்னேன். வாடகைக் குழந்தைகளைப் பிடிக்கச் சொல்லி அவர்களுக்குப் புதிதாக உத்தரவு வந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் சொன்னதை ஒருவன் அப்படியே எழுதிக்கொண்டான். தாய்: சஸ்மி. குழந்தை: தானு. எழுதிவிட்டு என் குடும்ப அட்டையைக் கேட்டான்.

"என் புள்ளன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள் யுயுன். "பக்கத்து வீட்டுப் புள்ள, இன்னாரோட புள்ளன்னு."

"அப்படிச் சொன்னா வாடகைப் புள்ளன்னு என்ன உள்ள வெச்சிருப்பாங்க. உன்னயும் தேடி வருவாங்க."

"எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்க இப்படி?"

ஐந்து மாதமாகக் காரில் ஏறினால் ஓட்டுகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். உன் குழந்தையா? ஆமா சார். நாளுக்கு இரண்டு முறை, மூன்று முறை. சொல்லிச் சொல்லிக் காலையில் அந்தக் காவலனிடம் யோசிக்காமலே வந்துவிட்டது.

யுயுன் நேராகப் போய்க் கேட்கலாம். ஆனால் கேட்க அவளிடம் ஒன்றும் இல்லை. அவளுடைய அடையாள அட்டை இந்த்ரமாயூ ஊருடையது. கல்யாணம் மத முறைப்படி மட்டும் நடந்தது, பதிவுப் புத்தகம் கிடையாது. தானுவைப் பிரசவம் பார்த்தது ஆற்றங்கரை மருத்துவச்சி. பிறப்புச் சான்று இல்லை. அவன் அப்பா போர்னியோவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போனவன், போனை எடுப்பதில்லை. காப்பகத்துக்கு இவள் போனால் குழந்தை கிடைக்காது. இவளையும் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"முர்சித் ஐயாகிட்டப் போவோம்" என்றேன்.

முர்சித் எங்கள் சந்துத் தலைவர். சந்து ஆட்களுக்குச் சான்று எழுதி முத்திரை குத்தித் தருவது அவர்தான். நாங்கள் போனபோது பறவைக் கூண்டுகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இடுப்பில் செருகிய வானொலி மதகில் தண்ணீர் ஏறுவதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மலையில் இரவெல்லாம் மழை. அந்தத் தண்ணீர் எங்கள் சந்துக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

தானு என் குழந்தை என்று சான்று வேண்டும் என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசிக் கூண்டைப் படியில் வைத்தார்.

"உன் புருஷன் வார்ஸா பாத்தாம் தீவுக்குப் போயி எத்தன வருஷம் ஆச்சு சஸ்மி?"

"ரெண்டு வருஷம்யா."

"நடுவுல வந்தானா?"

"இல்லய்யா."

"ரெண்டு வருஷமா ஊர்ல இல்லாத புருஷனுக்கு எட்டு மாசக் குழந்த. அதுல நான் முத்திர குத்தணும். இந்தப் பறவைங்ககூடச் சிரிக்கும்."

"அப்பா பேரு வேண்டாம்யா. காலியா விட்டுடுங்க."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "காலியா விட்டா சந்துல யார் யார் பேரப் போட்டு நெரப்புவாங்கன்னு தெரியுமா? என் பேரயும் சேத்துப் போடுவாங்க. எம் பொண்டாட்டி அதுக்குன்னே காத்துக்கிட்டிருக்கா."

"அக்கா புள்ள இல்ல, எம் புள்ளன்னு எழுதிக் குடுங்கய்யா" என்றாள் யுயுன். அதுவரை அவள் படிக்குக் கீழேயே நின்றிருந்தாள்.

"நீ யாரு? இந்தச் சந்துல உன் பேரே எங்கிட்ட இல்லயேம்மா. இல்லாத ஆளுக்கு எப்படி எழுத?" கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாகவே சொன்னார். "அங்க இவ பேருதான் எழுதியிருக்கு. அதுக்குப் பொருத்தமா காகிதம் போனாத்தான் புள்ள வெளிய வரும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் எழுதிட்டா எழுதினதுதான். இத வெச்சுதான் பொறப்புச் சான்று குடுப்பாங்க. தடுப்பூசி, பள்ளிக்கூடம், எல்லாத்துலயும் இவ புள்ள. நாளைக்கு மாத்தணும்னு வந்தா நான் பொய் எழுதினேன்னு ஆகும். என்ன நீங்க ரெண்டு பேரும் ஜெயில்ல வந்து பாக்க வேண்டியிருக்கும்."

வானொலி கரகரத்தது. மதகில் எண்ணூற்றுப் பத்து சென்டிமீட்டர். முர்சித் அதன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

யுயுன் தன் மார்பைக் கைகளால் கட்டிக்கொண்டு நின்றாள். குளிர் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். சட்டையில் இரண்டு ஈரவட்டங்கள். சோப்புத் தண்ணீர் இல்லை. வழக்கமாகப் பத்தரைக்கு அவன் குடிக்கிற பால்.

"ஆறு மணிக்குக் குடிச்சது" என்றாள் யாரையும் பார்க்காமல். "பசிச்சா கன்னத்தக் கீறிக்குவான். நகம் வெட்டணும்னு நேத்தே நெனச்சேன்."

முர்சித் ஒரு தாளை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க" என்றாள்.

முர்சித் எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு, ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வளர்த்தவர்போல எழுதுவார். மேற்படி சஸ்மி என்பவர் மேற்படி குழந்தையைப் பெற்ற தாய் என்று சான்றளிக்கிறேன். முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதி ஈரப்படுத்திக் குத்தினார். ஊதா வட்டம். என் பேரும் அவன் பேரும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

பேருந்து எங்களை வரவேற்புச் சிலைவரை கொண்டுபோய் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறதாம். ஜன்னலுக்கு வெளியே வட்டமாக நீரூற்று, நடுவே உயரத் தூணில் கையுயர்த்தி நிற்கும் ஆணும் பெண்ணும். சுற்றிலும் ஹோட்டல்கள், வங்கிகள், மழைக்கு முன்னான கறுத்த கண்ணாடிகள். தினமும் காலையில் இதே இடத்தைத்தான் தானு காரில் கடப்பான்.

"யாருக்குக் கை காட்டறாங்க?" என்று கேட்டாள் யுயுன். நான்கு வருடம் இந்த நகரத்தில் இருக்கிறாள், அந்தச் சிலையை அப்போதுதான் பார்த்தாள்.

"ஊருக்குள்ள வர்றவங்களுக்கு."

"தானுவுக்குத் தெரியுமா இது?"

"தெரியும். இங்க வந்தா முழிச்சுக்குவான். திருப்பிக் கை காட்டுவான்."

அவள் கொஞ்ச நேரம் சிலையைப் பார்த்தாள். "எனக்குச் சொல்லவே இல்ல நீ" என்றாள். எதைச் சொல்லவில்லை என்று அவள் சொல்லவில்லை. கை காட்டத் தெரிந்துகொண்டதை என்று எனக்குப் புரிந்தது. அவள் பார்த்திருக்க வேண்டிய முதல் கையசைப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. அதை ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட நான் அவளிடம் ஒப்படைக்கவில்லை.

ஒன்றே முக்கால். பேருந்து நகரவில்லை. இறங்கி நடைபாதையில் ஓடி, ஒரு மோட்டார்சைக்கிள் வாடகைக்காரனைப் பிடித்தோம். அவன் எங்களையும் தன் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு பேரா? இது மோட்டார்சைக்கிள் தாயி, கப்பல் இல்ல."

"ஒல்லியாத்தானே இருக்கோம். ஏத்துப்பா. அவசரம்."

"போலீஸ் புடிச்சா?"

"புடிச்சா உன் பொண்டாட்டி, உன் மச்சினின்னு சொல்லு."

"இதுல யாரு பொண்டாட்டி?" என்று சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் வாயை மூடிக்கொண்டான். "சரி, ஏறுங்க. ஒரே ஒரு தலைக்கவசம்தான் இருக்கு. யாரு தல முக்கியம்னு பேசி முடிவு பண்ணிக்குங்க."

"அக்காவுக்குக் குடு" என்றாள் யுயுன். "அவதான் இப்ப அம்மா."

நான் நடுவில், அவள் பின்னால். மேம்பாலத்துக்கு அடியில், சந்தைக்குள், துணி மூட்டைகளை உரசிக்கொண்டு, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தகரக் குடிசைகளின் வாசல் வழியாகவே அவன் எங்களைக் கொண்டுபோனான். காரில் நான் பார்த்த நகரத்தில் இவை எதுவும் கிடையாது. அங்கே ஜன்னல்களுக்கு வெளியே சத்தமே இல்லாமல் எல்லாம் பின்னால் போகும். இங்கே கொதிக்கிற எண்ணெய், சாக்கடை, அடுப்புப் புகை, மழையின் முதல் துளிகள், எல்லாம் முகத்தில் வந்து மோதின. யுயுனின் மார்பு என் முதுகில் அழுந்தியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் என் சட்டையின் முதுகு நனைந்து சூடாகிவிட்டது. அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பால் கட்டிக்கிச்சு அக்கா" என்று காதருகே சொன்னாள். "கல்லு மாதிரி வலிக்குது. அவன் எங்கயோ அழறான்."

காப்பகத்தின் இரும்பு வாசலில் இறங்கும்போது இரண்டு மணி முப்பத்தைந்து. உள்ளே ஒரு வேன் நின்றிருந்தது. பின் கதவு திறந்திருந்தது. காலையில் என்னை அனுப்பிய அதே காவலாளி.

"காகிதம் கொண்டு வந்துட்டியா? நல்லது. இது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் யுயுன் சொன்னாள். "தங்கச்சி."

"அம்மா மட்டும்தான் உள்ள போகலாம். தங்கச்சி அடையாள அட்டையக் காட்டினா இங்க பேரு எழுதிட்டு உக்காரலாம்."

யுயுன் ஓர் அடி பின்னால் போனாள். "நான் வெளியவே நிக்கறேன்" என்றாள். வாசலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது தூக்குத்துணி அவள் தோளில் இருந்தது. எப்போது வாங்கிக்கொண்டாள் என்று தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டு, கம்பிக்குள் கையை நீட்டி அதை என்னிடம் கொடுத்தாள்.

"இது இல்லாம எந்த அம்மா வருவா?" என்றாள்.

அந்த அறையில் இருந்த அதிகாரியின் பெயர் ஹெர்லினா என்று சட்டையில் எழுதியிருந்தது. ஐம்பது வயதிருக்கும். மதியச் சோறு பாதி சாப்பிட்டபடி மேசையில் மூடியிருந்தது. நான் எதிர்பார்த்ததுபோல் அதட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"வீடு எங்கம்மா? அந்தப் படத்துல காட்டு."

சுவர் முழுக்க ஜகார்த்தா. நான் அதை அப்படி முழுசாகப் பார்த்ததே இல்லை. மேலே கடல், பதின்மூன்று ஆறுகள், ஐந்து நிறத்தில் ஐந்து பகுதிகள். என் பன்னிரண்டு கிலோமீட்டர் நடுவில் ஒரு விரல் நீளம்தான் இருந்தது. அங்கிருந்து தொடங்கி வலப்பக்கம் போய் மதகைக் கண்டுபிடித்து, ஆற்றின் வளைவில் விரலை வைத்தேன். விரலுக்கு அடியில் நீலம்தான் இருந்தது.

"அது ஆறும்மா."

"ஆமா மேடம். அங்கதான் இருக்கோம்."

அவர் பெருமூச்சு விட்டார். "இன்னைக்குத் தண்ணி ஏறுதாமே. சீக்கிரம் கூட்டிட்டுப் போ. இனிமே ரோட்டுல நிக்காத. உன் புள்ள சாவி குடுத்து ஓட விடற பொம்ம இல்ல. இங்க வர்ற முக்கால்வாசிப் புள்ளைங்க வேற யாரோடதோ. வாடகைக்கு எடுத்துட்டு வந்து எம் புள்ளன்னு சாதிப்பாளுங்க. உனக்காவது காகிதம் இருக்கு."

"சரி மேடம்."

"அப்பா பேரு இல்ல?"

"இல்ல மேடம்."

அவர் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்தார். அப்போதுதான் உள்ளிருந்து அந்த அழுகை வந்தது. கிறீச்சென்று ஏறி, மூச்சு முட்டி நின்று, மறுபடியும் ஏறும் அழுகை. காரில் ஒருநாள்கூட அவன் இப்படி அழுததில்லை. ஒரு பெண் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் இரண்டு கோடுகள் சிவந்திருந்தன. நகம் கீறியது.

"மூணு தடவ புட்டிய வெச்சாச்சு மேடம். துப்பறான். வந்ததுலேந்து ஒரு வாய் உள்ள போகல."

என் கையில் வந்ததும் தானு முகத்தை என் சட்டையில் தேய்த்தான். வாய் திறந்து, அங்கும் இங்கும் எதையோ தேடியது. பிறகு தலையைப் பின்னால் எறிந்து முதுகை வில்லாக வளைத்தான். தூக்குத்துணியை அவன்மேல் சுற்றினேன், ஆட்டினேன், காரில் பாடும் பாட்டைப் பாடினேன். என் சட்டையின் முதுகில் அவனுடைய பால் இன்னும் ஈரமாக இருந்தது. அதை அவன் மோந்துவிட்டானோ என்னவோ, என் தோளுக்கு மேலே ஏறி முதுகுப்பக்கம் போகக் கைகால் அடித்தான்.

"வெளிய தூக்கிட்டுப் போயி அமத்தறேன் மேடம். காத்துல அடங்கிடுவான்."

"கையெழுத்து ஆகாம இந்த அறையத் தாண்டக் கூடாதும்மா. அது சட்டம்."

ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே யுயுனின் முகம். அழுகை அங்கே கேட்டிருக்க வேண்டும். மழை வலுத்திருந்தது, அவள் நகரவில்லை. ஒரு கை கம்பியிலும் ஒரு கை தன் மார்பின் மேலும் இருந்தது. வேன் ஓட்டுநர் பின் கதவைச் சாத்தலாமா என்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெர்லினா பேனாவை மூடாமல் பதிவேட்டின்மேல் வைத்தார். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அறைக்கதவையும் சாத்தினார். ஒரு நாற்காலியை எனக்காகச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். என் கூச்சத்தைப் புரிந்துகொண்டவர்போல் தன் முகத்தையும் பாதி திருப்பிக்கொண்டார். அவர் குரலில் சந்தேகம் துளியும் இல்லை.

"பசியில துடிக்கறான் பாரு, பாவம். இங்க எல்லாரும் பொம்பளைங்கதான், கூச்சப்படாத. உக்காந்து மொதல்ல அவனுக்குப் பால் குடும்மா. அவன் குடிக்கறதப் பாத்துட்டு நான் கையெழுத்துப் போடறேன்."